இருபத்தொரு செக்கன் கடல்

போன கிழமை மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவளுடைய கொம்பியூட்டர் திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு யப்பானிய நகரத்துத் தெரு, நியோன் வெளிச்சம், யன்னற் கண்ணாடியில் வழிகிற தண்ணீர். அந்த மழைக்கு மேலே ஒரு சின்ன யன்னலைத் திறந்து வைத்துப் பல்கலைக்கழகக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள்.

"உது ஏன் பிள்ளை பின்னாலை ஓடிக்கொண்டிருக்கு?"

"சும்மா அப்பா. வடிவா இருக்கெல்லோ."

இந்தச் 'சும்மா'வுக்கு நாற்பது வருசத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் ஒரு சின்ன மூலை என்னுடைய ஐயாவுக்கும் சொந்தம். அதை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

நான் இதை முதன்முதலில் கண்டது 1992 ஆம் ஆண்டு. அகதி வழக்கு முடிவுக்குக் காத்திருந்த காலம். ரொறொன்ரோ நகர மையத்தில் ஒரு கட்டடத்தில் இரவு கிளீனிங் வேலை. பத்து மணிக்குப் பிறகு ஒரு சனமும் இல்லாத கந்தோருக்குள் குப்பைவாளியோடு போனால், இருட்டுக்குள் வரிசையாக மக்கின்ரொஷ் திரைகள். அவற்றில் சிறகு முளைத்த பாண் வாட்டும் மெசின்கள் பறந்துகொண்டிருந்தன! கூடவே வாட்டின பாண் துண்டுகளும் பறந்தன. மேசையைத் துடைக்கும்போது என் கை மௌசில் தட்டுப்பட, பறந்ததெல்லாம் மறைந்து யாரோ எழுதி வைத்த கடிதம் ஒன்று திரையில் நின்றது. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வழக்கும் போய், வேலையும் போய்... என்னோடு வேலை செய்த போர்த்துக்கீசக் கிழவர் சிரித்துவிட்டு, "ஐந்து நிமிசம் பொறு, திரும்ப வரும்" என்றார். திரும்ப வந்தது. அன்றிலிருந்து அந்த மாடியைக் கடைசியாகத்தான் துடைப்பேன்.

அதன் பெயர் 'ஆப்டர் டார்க்'. பேர்க்லி சிஸ்ரம்ஸ் என்ற கலிபோர்ணியக் கொம்பனி 1989 இல் வெளியிட்டது. பாணை எவ்வளவு கருக்கவேண்டும் என்றுகூட அதில் அளவு வைக்கலாம்.

ஸ்கிரீன்சேவர் என்பது தொடக்கத்தில் விளையாட்டு அல்ல. அந்தக் காலத்துப் படக்குழாயின் உட்பக்கத்தில் பொஸ்பர் பூசியிருப்பார்கள். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றால் அந்த இடம் தேய்ந்து, திரையை நிறுத்தினாலும் எழுத்தின் ஆவி போகாது. பழைய விமான நிலையத் திரைகளில் இதைக் கண்டிருப்பீர்கள். 1983 டிசம்பரில் 'சொப்ரோக்' என்ற சஞ்சிகையில் ஜோன் சோக்கா என்பவர் ஒரு குட்டி நிரலை எழுதினார். மூன்று நிமிசம் ஒருவரும் விசையைத் தொடாவிட்டால் திரை கறுப்பாகும். அவ்வளவுதான். திரையைக் காப்பாற்றுவதற்குக் கறுப்பே போதும். ஆனால் சனத்துக்குக் கறுப்புப் போதவில்லை. மீன் நீந்தவேண்டும், நட்சத்திரம் ஓடவேண்டும், பாண் பறக்கவேண்டும்.

இதில் எங்கட ஊருக்கும் (இப்போதைய ஊர்) ஒரு பங்கு உண்டு. டெல்ரீனா என்ற ரொறொன்ரோக் கொம்பனி ஒரு ஸ்கிரீன்சேவர் செய்து, அதில் ஒரு பூனை அந்தப் பறக்கும் மெசின்களைச் சுட்டு விழுத்துகிற மாதிரி வைத்தது. 1993 இல் பேர்க்லி சிஸ்ரம்ஸ் வழக்குப் போட்டு வென்றது. டெல்ரீனாக்காரர் சிறகைக் கழற்றிவிட்டுக் காற்றாடியைப் பூட்டி மறுபடி விற்றார்கள். அடுத்த வருசம் 'ஜெபர்சன் ஏர்பிளேன்' என்ற ரொக் இசைக் குழு, சிறகு வைத்த மெசின் தங்களுடைய 1973 ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையில் இருந்த படம் என்று பேர்க்லி சிஸ்ரம்ஸ் மேலேயே வழக்குப் போட்டது. உறைக்குப் பதிப்புரிமை பதிந்து வைக்காதபடியால் தோற்றது. பாண் வாட்டும் மெசினுக்கு இத்தனை வழக்கு. எங்கட வழக்குகளை ஒரு மணித்தியாலத்தில் முடித்து அனுப்பினார்கள்.

நிற்க.

ஸ்கிரீன்சேவர் ஆள் இல்லாத நேரத்துப் படம். மகளின் மழை அப்படியில்லை, ஆள் இருந்து வேலை செய்யும்போதே பின்னால் ஓடுகிற படம். இந்த இரண்டாவது வகைக்குத் தகப்பனைத் தேடினால் கொம்பியூட்டருக்கு வெளியேதான் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

1966 நத்தார் இரவு. நியூயோர்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ் தொலைக்காட்சி நிலையத்தின் தலைவர் பிரெட் திறோவர் ஒரு விசர் வேலை பார்த்தார். விளம்பரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, அடுப்பங்கரையில் விறகு எரிவதை மட்டும் மணிக்கணக்காகக் காட்டினார். மாடிக் கட்டடங்களில் இருக்கிற நியூயோர்க் சனத்துக்கு வீட்டில் கணப்பு இல்லை. அவர்களுக்கு ஒரு நெருப்புக் கொடுப்போம் என்பதுதான் யோசனை. படம் பிடித்தது நகர மேயரின் வாசஸ்தலமான கிரேசி மாளிகையில். நெருப்பு வடிவாகத் தெரியவேண்டும் என்று முன்னால் இருந்த தடுப்பைக் கழற்ற, ஒரு பொறி பறந்து 4000 டொலர் பெறுமதியான பழைய கம்பளத்தைச் சுட்டுவிட்டது. பிடித்த படமோ வெறும் 17 செக்கன். அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். நெருப்பு ஒவ்வொரு 17 செக்கனுக்கும் ஒருமுறை திடுக்கிட்டுத் துள்ளும். புதிதாகப் பிடிக்க மாளிகைக்காரரிடம் கேட்டால், கம்பளத்தை மறக்காத அவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். 1970 இல் கலிபோர்ணியாவில் வேறொரு வீட்டில், கொதிக்கிற கோடையில், ஆறு நிமிசத்துக்கு நீளமாகப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

இல்லாத ஒன்றை ஓடவிடுவது, ஓட்டத்தில் மூட்டுத் தெரிவது. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருங்கோ.

கொம்பியூட்டர் மேசைத்தளத்தில் படம் அசையக் கனகாலம் எடுத்தது. 1984 மக்கின்ரொஷில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கோலம் ஒன்றைத்தான் பின்னணியில் பரப்பலாம். 1990 இல் வந்த விண்டோஸ் 3.0 இல் படம் போடலாம், ஆனால் அது அசையாது. யுனிக்ஸ்காரர் கெட்டிக்காரர், 'எக்ஸ்ஏர்த்' என்ற நிரல் பூமி உருண்டையைப் பின்னணியில் வரைந்து, இப்போது எங்கே பகல் எங்கே இரவு என்று காட்டிக்கொண்டிருக்கும். பிறகு 1997 இல் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 4 உடன் 'அக்ரிவ் டெஸ்க்ரொப்' வந்தது. ஒரு இணையப் பக்கத்தையே சுவரில் ஒட்டலாம், ஆடுகிற ஜிப் படம் ஆடும். நான் ஆடுகிற தென்னைமரம் ஒன்றைத் தேடிப் போட்டேன். அது ஹவாய்த் தென்னை. ஒரு நெற்றுக்கூட இல்லை, தலை சீவினமாதிரி நின்றது. இரண்டு நாளில் எடுத்துவிட்டேன்.

உண்மையான வீடியோ ஏன் ஓடவில்லை? எக்ஸ்பி வரைக்கும் எல்லா யன்னல்களும் ஒரே திரையில் நேரடியாக வரையப்பட்டன. ஒரே சுவரில் நாலுபேர் பெயின்ற் அடிக்கிற மாதிரி. ஒரு யன்னலை இழுத்தால் கீழே மறைந்திருந்ததை மறுபடி வரையவேண்டும். பின்னால் செக்கனுக்கு முப்பது படம் மாறிக்கொண்டிருந்தால் மெசின் என்ன பாடுபடும்! ஆனால் குறுக்குவழி ஒன்று இருந்தது. வீடியோ காட்டும் நிரல் திரையில் ஒரு தனி நிறத்தைப் பூசிவிடும். வீடியோ காட்டானது அந்த நிறத்தைக் காணும் இடமெல்லாம் படத்தை வைத்துவிடும். அந்தக் காலத்தில் வீடியோவை 'பிரின்ற் ஸ்கிரீன்' எடுத்தால் வெறும் நிறச் சதுரம் மட்டும் வந்தது இதனால்தான். அந்த நிறத்தையே மேசைத்தளம் முழுக்கப் பூசினால்? வீ.எல்.சி நிரலில் இப்படி ஒரு வசதி இருந்தது. விசயம் தெரிந்தவர்கள் படங்களைச் சுவரில் ஓடவிட்டுத் திரிந்தார்கள்.

2007 யனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. அதில் ஒவ்வொரு யன்னலும் தனித்தனிக் கண்ணாடியில் வரையப்பட்டு, கடைசியில் வீடியோ காட் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரையில் காட்டும். அடுக்கின் அடிக் கண்ணாடியில் படம் ஓடினால் மேலே உள்ளவற்றுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இதை வைத்து மைக்ரோசொப்ற் 'டிறீம்சீன்' என்பதைச் செய்தது. ஆக விலைகூடிய, அமெரிக்காவில் 399 டொலர் போட்ட 'அல்ரிமேற்' பதிப்புக்கு மட்டும் அது. பெப்ரவரியில் முன்னோட்டம் விட்டு, செப்ரெம்பரில் முழுசாகக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன. யன்னலால் மூடி மறைக்கப்போகிற இடத்தில் வீடியோ எதற்கு, மின்சாரம் வீண், மெசின் வீண் என்று. நியாயமான கேள்விதான். எனக்கு மட்டும் அந்த வருசம் வேறு கணக்கு இருந்தது.

ஐயா 2005 இல் ஸ்பொன்சரில் வந்தவர். அம்மா இல்லை. ஸ்காபரோவில் பதினாலாம் மாடி. யன்னலால் பார்த்தால் கார்கள் நிறுத்தும் இடமும் நெடுஞ்சாலையும், நவம்பரில் இருந்து பனியும். மயிலிட்டிக் கடலில் ஐம்பது வருசம் தொழில் செய்த மனிசன். 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் எழும்பினபோது உடுத்த சாறத்தோடு வெளிக்கிட்டு, கடைசியில் பொலிகண்டியில் ஒரு கொட்டிலில் பதினைந்து வருசம். பிறகு இந்தப் பதினாலாம் மாடி. பகலில் நான் வேலைக்குப் போனால் அவர் என்னுடைய கொம்பியூட்டர் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அந்தக் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2004 யனவரியில், சமாதான காலத்தில், நான் ஊருக்குப் போயிருந்தேன். மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்; கிட்டவும் போகேலாது. பொலிகண்டிக் கரையில் நின்று கமராவில் கடலைப் பிடித்தேன். கமராவைக் கண்ட பொடியள் ஓடி வந்து முன்னால் நின்றுவிட்டார்கள். மற்றப் பக்கம் காவலரண், அங்கே திருப்பப் பயம். இரண்டுக்கும் நடுவில் தனிக்கடல் மட்டும் வந்தது இருபத்தொரு செக்கன்தான்.

2007 டிசம்பரில் புதுக் கொம்பியூட்டர் எடுத்தபோது அந்த இருபத்தொரு செக்கனை வெட்டி, மாற்றி, டிறீம்சீனில் போட்டேன். சத்தம் இல்லை, காற்று மைக்கில் மோதின இரைச்சல்தான் இருந்தது, அதை எடுத்துவிட்டேன். ஐயாவைக் கூப்பிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் எதிர்பார்த்தது கண்ணீர். அவர் சொன்னது:

"உது பொலிகண்டியெல்லோ."

"ஓம் ஐயா."

"வாடைக்கு எடுத்திருக்கிறாய். சோளகத்திலை எடுத்தது ஒண்டும் இல்லையோ? சோளகத்திலை எங்கட பக்கம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

"எடேய் தம்பி, உந்த அலை முந்தியும் வந்தது."

நான் சிரித்துவிட்டேன். கொம்பியூட்டர் ஆக்கள்கூட அந்த மூட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவர் மூன்றாவது சுற்றிலேயே பிடித்துவிட்டார். ஒரு அலை போல மற்றது வராது என்று ஐம்பது வருசம் பார்த்த கண். "உது கடல் இல்லை. கடலின்ரை படம்" என்றார். ஆனால் அடுத்த நாள் வேலையால் வர, அதே கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஐயா என்று கேட்டால், "அகதியா இருந்த இடத்துக் கடல்தான். எண்டாலும் தண்ணி தண்ணிதானே" என்றார்.

அதற்குப் பிறகு காலையில் எழும்பி அவருக்காகக் கொம்பியூட்டரை இயக்கிவிட்டுப் போவது என் வேலையாகிவிட்டது. ஒரு நிரலும் திறக்கக்கூடாது, குறும்படங்களையும் மறைத்துவிடவேண்டும். வீடியோ காட்டின் காற்றாடி நாள் முழுக்க இரையும். "அதுதான் சோளகம்" என்று பகிடி விடுவார்.

2009 வந்தது. அந்த மாசியிலும் பங்குனியிலும் எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கரையோரத்தில் சனத்தை நெருக்கிக்கொண்டு போன செய்திகள். தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வந்த படங்களில் எல்லாம் பின்னுக்குக் கடல். சித்திரையில் ஒருநாள் ஐயா, "உதை நிப்பாட்டு தம்பி" என்றார். நிறுத்தினேன். கறுப்புத் திரை. வைகாசி முழுக்க அந்தக் கதிரையில் அவர் இருக்கவில்லை.

ஐப்பசியில், மழை நாள் ஒன்றில், "அந்தப் பொலிகண்டியைப் போட்டுவிடு" என்று அவரே கேட்டார்.

அதே மாதம் 22 ஆம் திகதி விண்டோஸ் 7 வந்தது. டிறீம்சீன் அதில் இல்லை. அதற்குப் பதிலாக, படங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக் காட்டுகிற வசதி. ஒரு படம் கரைய மற்றது தோன்றும், அசைவு இல்லை. அடுத்த வருசம் கொம்பியூட்டரை மாற்றினபோது, விஸ்டாவில் இருந்த கோப்புகளைப் பெயர்த்தெடுத்து விண்டோஸ் 7 இல் ஒட்டவைக்கும் வழியை யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். இரண்டு இரவு மினக்கெட்டேன். உலகம் முழுக்க என்னைப்போலக் கொஞ்சப்பேர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மீன்தொட்டி, ஒரு நீர்வீழ்ச்சி. கைவிடப்பட்ட ஒன்றை ஏன் இப்படித் தூக்கிப் பிடித்தார்கள் என்று சிரித்த பத்திரிகைக்காரர் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

ஐயா 2013 தையில் காலமானார். கடைசி வருசங்களில் நினைவு கொஞ்சம் தடுமாறியது. ஆனால் ஒருநாளும் அதை மயிலிட்டி என்று சொன்னதில்லை. என் பெயரை மாறிக் கூப்பிட்டார், கடலை மாறவில்லை.

பிறகு வந்ததைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். 2010 யனவரியிலேயே அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் அசையும் பின்னணி வந்துவிட்டது. 2016 ஒக்ரோபரில் கிறிஸ்ரியன் ஸ்குற்றா என்பவர் 'வோல்பேப்பர் என்ஜின்' என்பதை ஸ்ரீம் கடையில் வெளியிட்டார். முழுப் பதிப்பு 2018 நவம்பரில். மகளின் மழை அதில்தான் ஓடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னணிப் படம் ஒன்று கரைந்து மற்றது தோன்றுவதற்காக விண்டோஸ், குறும்படங்களுக்குக் கீழே ஒரு தனி யன்னலை உருவாக்கி வைக்கும். அந்த யன்னலை வரவழைக்கிற, மைக்ரோசொப்ற் ஒரு இடத்திலும் எழுதி வைக்காத ஒரு செய்தியைக் கெட்டிக்காரர் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த யன்னலுக்குள் வீடியோவை ஓடவிட்டால் முடிந்தது. டிறீம்சீனை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைத்த கரையும் படங்கள்தான் அதைத் திரும்பக் கொண்டுவரக் கதவு திறந்திருக்கின்றன! 2023 இல் அப்பிளும் தன் சொனோமா பதிப்பில் அசையும் நிலக்காட்சிகளை வைத்தது. ஓடிவந்து மெதுவாகி மேசைத்தளத்தில் நின்றுவிடும். 2025 செப்ரெம்பரில் விண்டோஸ் 11 இன் பரிசோதனைப் பதிப்புகளுக்குள் வீடியோப் பின்னணி வசதி ஒன்று ஒளிந்திருப்பதைச் சிலர் தோண்டியெடுத்தார்கள். பதினாறு வருசம்.

மயிலிட்டித் துறைமுகம் அதைவிடக் கூட எடுத்தது. 1990 இல் மூடினது, 2017 யூலை 3 ஆம் திகதி சனத்திடம் கொடுத்தார்கள். 27 வருசம். நான் 2018 ஆவணியில் போனேன். எங்கட வளவைக் கண்டுபிடிக்கக் கிணறு ஒன்றுதான் அடையாளம். கரைக்குப் போனேன். சோளகக் காலம். ஐயா சொன்ன மாதிரியே கண்ணாடி.

தொலைபேசியை ஒரு கல்லில் சாய்த்து வைத்துப் பிடிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் வந்த மச்சான் பத்து நிமிசம் பார்த்துவிட்டு, "என்னத்தையடா எடுக்கிறாய், ஒண்டும் நடக்கேல்லையே" என்றான். நடக்கக்கூடாது என்று சொன்னேன். நாற்பத்து மூன்று நிமிசம் ஓடியது. இந்த முறை சத்தமும் எடுத்தேன்.

இப்போது என் மேசையில் அதுதான் ஓடுகிறது. நாற்பத்து மூன்றாவது நிமிசத்தில் இடது பக்கத்தால் ஒரு படகு உள்ளே வரத் தொடங்கும். அதன் மூக்கும், முன்னால் நிற்கிற ஆளின் ஒரு தோளும் தெரியும். அத்தோடு தொலைபேசியில் இடம் முடிந்துவிட்டது. படகு மறைய, கடல் மறுபடி முதலாம் நிமிசத்துக்குப் போய்விடும். அந்த நாலு செக்கனை வெட்டினால் மூட்டே தெரியாது என்று மகள் சொல்கிறாள், தானே வெட்டித் தருகிறாளாம்.

நான் இன்னும் வெட்டவில்லை.